காக்காவுக்கு வைத்த மாத்திரை

சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாலை, கோடித் துணி, ஒரு தூக்குக் கஞ்சி என்று எதையாவது கொண்டுபோவார்கள். நான் மட்டும் அங்கே போய் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பி, சங்கராபுரம், கச்சிராயபாளையம், கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் சுற்றுகிற ஒரு வேன் இருக்கிறது. புற்றுநோய் முற்றிப்போய், பெரிய ஆஸ்பத்திரியே "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டவர்களைத் தேடிப் போய், வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற வேன். ஊர் ஜனங்கள் வைத்த பெயர் வலி வண்டி. அதில் ஒரு டாக்டரம்மா, ரோசி அக்கா என்கிற நர்ஸ், அப்புறம் நான். என் படிப்பு ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி. பை தூக்குவது, புண் கழுவுவது, படுத்த படுக்கையாய் இருப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது என் வேலை. ஆள் இறந்துவிட்டால், மிஞ்சியிருக்கிற வலி மாத்திரையை வீட்டாரிடம் கேட்டு வாங்கி ரோசி அக்காவிடம் ஒப்படைப்பதும் என் வேலைதான். அது தலைவலி மாத்திரை இல்லை, மார்பின். பழக்கமில்லாத உடம்பு தெரியாமல் போட்டுவிட்டால் மூச்சே நின்றுபோகும். அதனால் ஒப்பாரி ஓய்கிறதோ இல்லையோ, கேட்டே ஆக வேண்டும்.

அழுதுகொண்டிருக்கிற வீட்டில் போய் "மிச்சம் இருக்குதாங்க?" என்று கேட்பது எப்படி இருக்கும் என்று, எழவு வீட்டு வாசலில் கரண்ட் மீட்டர் பார்க்கப் போய் நின்ற அண்ணன்மார்களுக்கும், தடுப்பூசி போடும்போது குழந்தையின் தொடையை அழுத்திப் பிடிக்கிற அக்காமார்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நம்மைப் பார்த்ததும் ஜனங்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கிய முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டு நிற்பதுதான் நம் பிழைப்பு. "இத்தனை சாவு வீட்டுக்குப் போறியே, பேய் கீய் பார்த்திருக்கியா?" என்று கேட்கிறவர்களிடம், "புள்ளைக்குப் பால் குடுக்கவே நேரம் இல்ல, இதுல பேயை வேற பார்க்கணுமா?" என்பேன். அஞ்சலை அத்தை வீட்டுக்குப் போய்வந்த பிறகு அப்படிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

இலையில் ஒரு கிண்ணி

அஞ்சலை அத்தை வீடு கோமுகி அணைக்கு இந்தாண்ட, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவில். பிள்ளைகள் இல்லை. அடுத்த வீட்டில் புருஷனின் தம்பி ஏழுமலை. புருஷன் கோவிந்தன் மாமாவுக்குத் தாடையில் புற்று. இடது தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடியே ஒரு முனகல் முனகுவார். மூடிய குடத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். வாய் சரியாகத் திறக்காததால் பேச்சு குழறும். ஆனாலும் என்னைப் பார்த்தால் "வா பாப்பா" என்பார். அத்தை என்னைக் "கண்ணு" என்பாள். அந்த வீட்டில் என் பெயர் யாருக்கும் தெரியாது. கடைசியில் மாமாவால் விழுங்க முடியாமல் போகவே, தோலில் ஒட்டுகிற மருந்துக்கு மாற்றினோம். அதனால் மாத்திரை அட்டைகள் கையில் மிஞ்சியிருக்க வேண்டும்.

மாமா இறந்து, பிணத்தை எடுத்த அன்றே கேட்டேன். "பொணம் போயி அடுப்புகூட பத்த வெக்கல, கருமாதிக்கு வாம்மா" என்று ஏழுமலை முறைத்தார். கருமாதிக்குப் போனேன். நடு வீட்டில் இலை போட்டுப் படையல். வடை, அதிரசம், மாமாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டு பீடி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணி, அதில் வலி மாத்திரை. எடுக்கக் குனிந்தேன். "காக்கா தொடறதுக்கு முன்னாடி மனுசன் தொடக்கூடாது" என்று ஏழுமலை தடுத்துவிட்டார். சரி, காக்கா வந்து சோறு எடுக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். எல்லோரும் கற்பூரத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டோம். கண்ணைத் திறந்தால் காக்கா இன்னும் வரவே இல்லை, கிண்ணி மட்டும் காலி. யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. மீதி அட்டைகள் எங்கே என்று கேட்டதற்கு, சாம்பலோடு ஆற்றில் கரைத்துவிட்டதாக அத்தை சொன்னாள். படையலில் போய் மாத்திரையை வைக்கலாமா அத்தை என்று கேட்டேன். அவள் கிண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"செத்தவரு ஆசப்பட்டத வெக்கணும்ல? அவரு கடசியா கேட்டது சோறு இல்ல கண்ணு, இதத்தான்."

வெயிலில் தூங்கிய காக்கா

அடுத்த அமாவாசைக்கு அதே தெருவில் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தோம். உச்சி வெயில். அத்தை வீட்டு வாசலில் பத்துப் பேர் கும்பிட்டபடி நிற்கிறார்கள். மதில் சுவரின் மேல் ஒரு காக்கா. படையல் சோற்றுக் கவளத்தைத் தின்றுவிட்டுப் பறக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தலை மெல்ல முன்னால் சாயும், அலகு சுவரில் இடிக்கும், திடுக்கென்று நிமிரும், மறுபடியும் சாயும். கண்ணில் வெள்ளை ஜவ்வு ஏறி ஏறி இறங்கியது. நான் ஒரு முழம் தூரத்தில் கையை ஆட்டினேன். அசையவில்லை. கோவிந்தன் மாமா மாத்திரை போட்ட பிறகு கட்டிலில் இப்படித்தான் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார், தாடை மார்பில் இடித்ததும் நிமிர்வார். என் முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது.

"கோயிந்தனேதான்! அதே தூக்கம் பாரு, அதே தலையாட்டல்" என்று ஒரு கிழவர் தரையில் விழுந்து கும்பிட்டார். அத்தை தூணோரமாய்ச் சிரித்தபடி நின்றாள். அந்தச் சிரிப்பும் பாதியிலேயே தூங்கிவிட்ட மாதிரி இருந்தது. ரோசி அக்கா மட்டும் காக்காவைப் பார்க்காமல் அத்தையையே உற்றுப் பார்த்தாள். வேனில் ஏறியதும் என் காதில் சொன்னாள்:

"ஆத்துல கரைச்ச மாத்திரை எப்படிடி காக்கா வயித்துக்கு வந்துச்சி? காக்கா ஒண்ணு தின்னா, கூட இன்னொரு வாயும் தின்னுக்கினு இருக்குது."

அக்கினி நட்சத்திரத்தில் குளிர்

ரோசி அக்கா சந்தேகப்பட்டதை டாக்டரம்மாவிடம் சொல்லி, விசாரிக்க அடுத்த வாரம் போவதாக இருந்தோம். அதற்குள் ஏழுமலையே போன் பண்ணிவிட்டார். "அண்ணன் வந்துட்டாரும்மா. அண்ணி மேல ஏறிட்டாரு" என்றார். அனல் அடிக்கிற அக்கினி நட்சத்திர வெயில், தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. உள்ளே போனால், அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஒவ்வொரு மயிரும் குத்திட்டு நின்றது, இறகு பிடுங்கின கோழி மாதிரி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். கொட்டாவி மேல் கொட்டாவி. கால்கள் மட்டும் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி பாயில் உதைத்துக்கொண்டே இருந்தன. இடது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். தொண்டைக்குள்ளிருந்து அந்த முனகல் வந்தது. குடத்துக்குள் மாட்டிக்கொண்ட அதே வண்டு.

சத்தியமாகச் சொல்கிறேன், வாசலைப் பார்த்து ஓரடி பின்னால் வைத்துவிட்டேன். திருஷ்டி மந்திரிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாளும் கொட்டாவியாய் விட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் மந்திரிக்கிறவர் கொட்டாவி விட்டால், பிடித்திருப்பது கனமானது என்று அர்த்தம். "பார்த்தியா, எம்மாம் கனம்!" என்றார் ஏழுமலை. மலை மேல் ஒரு காட்டுக் கோயில் பூசாரியிடம் நாள் குறித்து வாங்கியாயிற்றாம். காப்புக் கட்டிவிட்டால், பேய் இறங்குகிறவரை மஞ்சள் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் போகக் கூடாது. மாத்திரை மருந்து பேச்சே கிடையாது. அந்த அம்மாள் வேப்பிலையை வீசிக்கொண்டிருக்க, நான் அத்தையின் நெற்றி வேர்வையைத் துடைக்கக் குனிந்தேன். முனகல் நின்றது. என் முந்தானையை இழுத்து, காதோடு வாய் வைத்து, தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"அவரு வர்ல கண்ணு. மாத்திரை தீந்துபோச்சி."

பால் மறக்கடிக்கிற கணக்கு

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும் அத்தை சொல்லிவிட்டாள். மாமாவைத் தூக்கிப் புரட்டியே அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒருநாள் அவள் வலியில் நெளிவதைப் பார்த்து, மாமாவே தன் மாத்திரையில் ஒரு துண்டை நீட்டியிருக்கிறார். அப்புறம் தினமும் ரெண்டு பேரும் சேர்ந்துதான். "வலி இல்லாம ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கினு உக்காந்திருப்போம்" என்றாள். அவர் போன பிறகு, அவர் பங்கு காக்காவுக்கு, தன் பங்கு தனக்கு. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை சாவு விழுந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் 'போதை' என்று வாயெடுத்தாலே தெருவே திரும்பிப் பார்க்கும். புருஷன் பேயாய் வந்து பிடித்தான் என்று சொன்னால் ஊர் பாவம் பார்க்கும். புருஷன் மாத்திரையைத் தின்றாள் என்றால் விடுமா?

டாக்டரம்மா திட்டவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு, அத்தையின் பெயரிலேயே மாத்திரை எழுதினார். அவள் போட்டுக்கொண்டிருந்ததைவிடக் கொஞ்சம் கம்மி. அதில் உடம்பு நிதானப்பட்டதும் இன்னும் கொஞ்சம் கம்மி. இடுப்புக்கு ஒத்தடம், பயிற்சி, சாதாரண வலி மாத்திரை தனியாக. நடுவில் தூக்க மாத்திரை, வேறு சரக்கு எதுவும் கூடவே கூடாது. விஷயத்தைக் கேட்ட ஏழுமலை குதித்தார்: "போதைய வுடுறதுக்கு அதே போதையா? ஒரேடியா நிறுத்துங்க!" டாக்டரம்மா, "நாற்காலியில உக்காந்திருக்கறவங்கள எழுப்பாம நாற்காலிய உருவலாமா? இத்தன மாசமா அவங்க ஒடம்பு இதுமேலதான் உக்காந்திருக்குது" என்றார்.

ஏழுமலைக்குப் புரிந்ததோ என்னவோ, அத்தைக்குப் பயம் போகவில்லை. அப்போது நான் என் பையனுக்குப் பால் மறக்கடித்துக்கொண்டிருந்த சமயம். மாமியார் சொன்னாரே என்று வேப்பெண்ணெயைத் தடவி ஒரே நாளில் நிறுத்தப் பார்த்தேன். அவன் ஊரைக் கூட்டி அழுதான். எனக்கு மார் கட்டிக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். அப்புறம் பகல் பாலை முதலில் நிறுத்தினேன், அது பழகியதும் சாயங்காலப் பால், கடைசியாகத் தூங்குகிற நேரத்துப் பால். இதைச் சொன்னதும் அத்தை அன்றைக்கு முதல் தடவையாய்ச் சிரித்தாள்:

"புள்ளைக்குப் பால் மறக்கடிக்கிறாப்ல எனக்கு அந்தாள மறக்கடிக்கப் பாக்குறியா கண்ணு?"

பலாத் தோப்புக்குள் ஒரு பேரம்

ஏழுமலை விட்டபாடில்லை. மாத்திரை தின்றதனால்தான் அண்ணன் உள்ளே புகுந்தார், ரெண்டும் ஒன்றுதான் என்றார். பூசாரிக்குச் சொன்ன சொல்லை மாற்ற முடியாதாம். "போகட்டும். அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, முக்கியமா மாத்திரைய நிறுத்தக் கூடாது. நீ கூடவே போ" என்று டாக்டரம்மா என்னை அனுப்பினார். அன்றைய மாத்திரை என் பையில். காப்புக் கட்டினால் அதைக் கொடுக்க விடமாட்டார்கள் என்பதுதான் என் கவலையெல்லாம். ஒரு வேளை மாத்திரை தவறினால் மறுபடியும் அந்தக் கம்பளி, அந்த உதறல், அதுவும் டாக்டர் இல்லாத மலை மேல்.

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏறி, ஒரு பலாத் தோப்பில் நின்றது. காலை பதினொரு மணி இருக்கும். ஆனாலும் தோப்புக்குள் வெளிச்சம் பச்சையாய், கலங்கின தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு பறவைச் சத்தம் கிடையாது. பூசாரி வயசானவர், அதட்டாத மனிதர். அத்தையை எதிரில் உட்காரவைத்து, நெற்றியில் திருநீற்றை வைத்து, "எப்போ கெளம்பற?" என்று மட்டும் கேட்டார். அத்தை இடது தாடையைப் பிடித்தாள். ஆடினாள். வாய் பாதிதான் திறந்தது. அதிலிருந்து வந்தது குழறின ஆம்பளைக் குரல். "ஒரேடியா போவமாட்டேன். பாப்பா குடுக்கறாப்ல, கொஞ்சம் கொஞ்சமா போறேன்." ஏழுமலை அப்படியே சாஷ்டாங்கமாய் விழுந்தார். பூசாரி என்னைத் திரும்பிப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். "எறங்கறவன் நிதானமா எறங்கட்டும். இந்தப் பொண்ணு குடுக்கறத நிறுத்தாதீங்க. காப்பு அப்பறம் பார்த்துக்கலாம்" என்று திருநீற்றை மடித்துக் கொடுத்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன சாமர்த்தியம் இந்த அத்தைக்கு! இறங்கி வருகிற வழியில், ஏழுமலை முன் சீட்டில் இருக்க, மெதுவாக அவள் தொடையைக் கிள்ளி, "நல்லா பேசின அத்த, நானே பயந்துட்டேன்" என்றேன். அவள் என்னை விநோதமாய்ப் பார்த்தாள்:

"நான் எங்க கண்ணு பேசனேன்? திருநீறு வெச்சதுதான் தெரியும், கண்ணத் தொறந்தா ஜீப்புல உக்காந்துக்கினு இருக்கறேன்."

அண்ணே, இன்னிக்கி இம்மாந்தான்

அன்றிலிருந்து ஏழுமலை எங்கள் ஆள். மாத்திரைகளை அவரிடம்தான் கொடுத்து வைத்தோம், பூட்டிய டிரங்குப் பெட்டியில். வேளைக்கு ஒன்றாய் எடுத்துக்கொண்டு வருவார். அத்தை எதிரில் நின்று, ஆனால் அத்தையைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே ஓரிடத்தைப் பார்த்துச் சொல்வார்: "அண்ணே, இன்னிக்கி இம்மாந்தான். நாளைக்கும் இம்மாந்தான். ஒத்துக்கோ." அத்தை வாயைத் திறப்பாள். நான் நாலு எட்டுத் தள்ளி நின்று உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருப்பேன். அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

சுலபமாக இறங்கியது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை குறைத்ததும் சில நாட்கள் வயிறு போகும், கால் உதைக்கும், தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுவாள். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். ஒரு கட்டத்தில் அடங்கவே இல்லை. மாமாவின் வருஷத் திதியை நினைத்துக்கொண்டு, "அதுக்குள்ள முடிச்சிடணும், ஒரு வேளை வுட்டு ஒரு வேளை போடறேன்" என்று அத்தை அடம் பிடித்தாள். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், உடம்பு பழகுகிறவரை அதே அளவு என்றார். "இன்னாங்க, அண்ணன் கெளம்ப மாட்டேங்கறாரா?" என்று ஏழுமலை கவலையாய்க் கேட்டதற்கு டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்: "வழியில கொஞ்சம் எளைப்பாறட்டும், வுடுங்க."

அந்தக் காக்கா மட்டும் தவறாமல் வந்தது. அதற்கு மாத்திரை வைப்பதை அன்றே நிறுத்தியாயிற்று, வெறும் சோறுதான். சோற்றைத் தொடாது. கிண்ணியைக் கவிழ்த்து வைத்தால் அதன் மேல் அலகால் தட்டும். டொக், டொக், டொக். எரிக்கிற வெயிலில் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, உடம்பு இரண்டு பங்காய் உப்பி, சுவரில் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அத்தை அதன் எதிரில் நின்று தன் முழங்கையை நீட்டிக் காட்டினாள். அவளுக்கும் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. காக்காவும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டார்கள். நான் "அதை விரட்டட்டுமா அத்த?" என்றேன்.

"வாணாம் கண்ணு. அதுவும் என்னாட்டம்தான். எதுக்கு வந்துச்சின்னு மறந்துட்டா தானா பறந்துடும்."

பீடி டப்பா

வருஷத் திதிக்குக் கொஞ்ச நாள் முந்தி அத்தையின் மாத்திரை முழுசாய் நின்றது. முகம் தெளிந்து, களை எடுக்கக் கொல்லைக்குக்கூடப் போய்க்கொண்டிருந்தாள். கிளம்பும்போது டாக்டரம்மா எல்லோரையும் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்றுதான். உடம்பு பழசை மறந்துவிட்டது. முன்னால் தாங்கின அளவை இப்போது போட்டால் தாங்காது, தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். ஏழுமலை பெரிதாய்த் தலையாட்டினார்.

திதிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். இலையில் எல்லாம் வைத்தாயிற்று, மாத்திரை மட்டும் இல்லை. காக்கா சுவரில் உட்கார்ந்திருக்கிறது, இறங்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. வெயில் ஏற ஏற ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்: "கோயிந்தனுக்கு மனக்கொறை." ஏழுமலைக்கு ஏதோ தோன்றி உள்ளே போய், அண்ணன் போனதிலிருந்து யாரும் திறக்காத அவருடைய பீடி டப்பாவை எடுத்துவந்து இலையில் வைத்து மூடியைத் திறந்தார். பீடிகளுக்கு அடியில், மடித்து மடித்துச் சொருகிய ஒரு மாத்திரை அட்டை. தாங்காத வலி வரும் நாளுக்கென்று மாமா ஒளித்து வைத்தது. சுவரில் காக்கா ஒரு தடவை கத்தியது. அந்த நிமிஷம், அத்தையின் கை மெதுவாக மேலே ஏறி இடது தாடையைப் பிடித்தது. உடம்பு ஆட ஆரம்பித்தது. குடத்துக்குள் வண்டு.

"அண்ணனே எடுத்து வெச்சிருக்காரு பாரு! இன்னிக்கி ஒரு நாள் அவரு பசி ஆறட்டும், அண்ணி" என்று ஏழுமலை அழுதுகொண்டே, மாமா கடைசியாய்ப் போட்ட அளவுக்கு மாத்திரைகளைப் பிதுக்கி அத்தையின் உள்ளங்கையில் வைத்துவிட்டார். அண்ணனே அண்ணி மேல் வந்துவிட்ட பிறகு, காக்கா தொடுகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. "ஏழுமல மாமா, டாக்டரம்மா சொன்னத மறந்துட்டீங்களா? அதப் போட்டா அத்த எழுந்திருக்க மாட்டாங்க!" என்று கத்தினேன். கூட்டம் என்னை ஒரு மாதிரி பார்த்தது. "படையல்ல கை வெக்காதம்மா" என்றது யாரோ ஒரு குரல். பிடுங்கினால் நாலு பேர் என் கையைப் பிடிப்பார்கள், அந்த நேரத்தில் அவள் விழுங்கிவிடுவாள். அத்தையின் கை வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கண் திறந்திருக்கிறது, ஆனால் அதில் அத்தை இல்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அவள் எதிரில் மண்டி போட்டு, இரண்டு கையையும் ஏந்தி, எத்தனையோ சாவு வீட்டில் கேட்ட மாதிரியே கேட்டேன்: "மிச்சம் இருக்குதாங்க? இருந்தா குடுத்துடுங்க."

முனகல் நின்றது. அத்தையின் கை வாய் வரைக்கும் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு இறங்கியது. மாத்திரைகள் ஒவ்வொன்றாய் என் கையில் விழுந்தன. அந்த வெயிலில் அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. காக்கா இறங்கி வந்து, வெறும் சோற்றை ஒரு கவளம் கொத்திக்கொண்டு, மலையைப் பார்த்துப் பறந்து போனது. அதற்கப்புறம் அந்தச் சுவரில் அதை யாரும் பார்க்கவில்லை. அத்தையின் வாய் பாதிதான் திறந்தது. என்றைக்கும் என்னைக் கண்ணு என்று கூப்பிடுகிற அந்த வாயிலிருந்து, குழறலாக வந்த வார்த்தைகள் இவைதான்:

"எடுத்துக்கினு போ பாப்பா. எனக்கு இப்ப வலி இல்ல."

சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று யாரிடமும் கேட்காமல், வேன் கதவைச் சாத்துகிறவரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.